முடிவுத் தேதி

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பேர் மாற்றினார்கள்.
இரண்டாயிரத்து ஏழிலிருந்து பெஸ்தாரி ஜெயா.
பஸ் நிற்குமிடத்துச் சோற்றுக்கடைக்காரருக்கு
அது தெரியும், வாயில்தான் வராது.
என் முன்னால் திறந்த அட்டவணையிலோ
பழைய பேரே கிடையாது.
எழுபத்திரண்டில் பிறந்தவளும்
பெஸ்தாரி ஜெயாவில்தான் பிறந்திருக்கிறாள்,
அந்தப் பேர் பிறக்க
முப்பத்தைந்து வருஷம் முன்பே.

எனக்கு முன்னால் இருந்தவன் கெட்டவன் இல்லை.
ஆளுக்கு ஒரு வரி போதும் என்று நினைத்தான்.
வீடு மாறினால் அதன்மேல் எழுது.
நிரை மாறினால் அதன்மேல் எழுது.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தால்
அதன்மேலும்.
சம்பளம் போட இது போதும்.
கேள்வியோடு ஒரு ஆள் வரும் என்று
அவன் எண்ணவில்லை.

வந்தவர் அங்கம்மா. செவ்வாய்க்கிழமை, மழைக்குச் சற்று முன்.
பிளாஸ்டிக் பையில் மூன்று காகிதம்.
"தோட்டம் விற்ற அன்னைக்கு
ரெண்டாம் டிவிஷன் பதினாலாம் வீட்டுல
நான் இருந்தேனா இல்லையா,
அதை மட்டும் எழுதிக் குடுங்க."
பொத்தானை அழுத்தினேன்.
மலிவுவிலை அடுக்குமாடி, நான்காம் மாடி
என்றது திரை.
எப்போதிலிருந்து?
அதற்கு எப்போது என்ற சொல்லே தெரியாது.

பின்கட்டு அலமாரியில் செக்ரோல் புத்தகங்கள்,
கரையான் தின்றது போக.
கிராணி சவரிமுத்து, எழுத்து சாய்வு, ஆள் நேர்.
எதையும் அழிக்க மாட்டார்.
ஒற்றைக் கோடு இழுத்து,
மேலே சரியானதை எழுதி,
ஓரத்தில் சிவப்பு மையில்
தெரியவந்த நாள்.

1979 மார்ச் 9. அங்கம்மா, பெரட்டுக்கு வரவில்லை,
~~காரணம் சொல்லவில்லை~~
பிரசவம், ஆண்.
தெரிந்தது: மார்ச் 21.

நடந்த நாள் ஒன்று, நமக்கு எட்டிய நாள் ஒன்று.
இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைக்க
கோலாலம்பூரில் எனக்கு மூன்று நாள் பயிற்சி,
மதியம் பிரியாணி.

அந்த ஆண் குணாளன்.
பிறப்பைப் பதிய ஏழு வருஷம்.
அரசாங்கத் தாள் நம்புவது பதிந்த நாளை,
பிறந்த நாளை அல்ல.
ஓரிடத்தில் கே-யில் தொடங்குகிறான்,
ஓரிடத்தில் ஜி-யில்;
கணினி இரண்டு ஆள் என்கிறது.
அங்கம்மா கூப்பிட்டால் ஒருவன்தான் திரும்புவான்,
சட்டைப்பையில் சிவப்பு அடையாளக் கார்டோடு.

இரவு புது அட்டவணை வரைந்தேன்.
இருந்து, வரை. தெரிந்தது, திருத்தியது.
எந்த வரியின்மேலும் எழுதக் கூடாது.
மூடலாம்; பக்கத்தில் ஒன்று திறக்கலாம்.
இன்னும் முடியாததற்கு
எங்கள் தொழிலில் ஒரு தேதி உண்டு:
31.12.9999.
அன்று ஆள் இருக்குமா, செம்பனையாவது இருக்குமா
என்று யாரும் கேட்பதில்லை.

மாரிசாமி, அங்கம்மாவின் புருஷன்.
மருந்தடிப்பு வேலை. முடிவுத் தேதி காலி.
காலியானதையெல்லாம் 9999 ஆக்கு:
நான் எழுதிய விதிதான்.
ஒரு நொடியில் அந்த மனிதரை
எட்டாயிரம் வருஷத்துக்கு வேலையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் கேட்டேன், எப்போது இறந்தார்?
"எந்தத் தேதி வேணும்?" என்றார்.
"லோரியிலிருந்து விழுந்ததா,
ஆஸ்பத்திரியில மூச்சு நின்னதா,
எனக்கு வந்து சொன்னதா?"

மழை தகரத்தில் இறங்கியது.
என்னிடம் இருந்தது இரண்டு பத்தி.

கடிதம் எழுதினேன்.
பதினான்காம் வீட்டில் இருந்தார்,
இந்த நாளிலிருந்து இந்த நாள் வரை;
அலுவலகத்துக்குத் தெரியவந்தது இன்று.
ஊர்ப்பேர் வரும் இடத்தில் கை நின்றது.
அன்றைய நாளுக்கு அன்றைய பேர்.
பத்தாங் பெர்ஜுந்தை என்று தட்டினேன்.
உடனே கீழே சிவப்புக் கோடு போட்டது கணினி,
பிழையாம்.

அப்படியே அச்செடுத்தேன்.